மியூசிக்தியரி டாட் நெட்: காதுக்கு வேலை உண்டு, வாய்க்கு?

நம் தமிழ்ப்பள்ளிகளில் இசைக்கல்வி எடுப்பவர்களில் எத்தனை பேர் இசையை முறையாகப் படித்துவிட்டு வந்தவர்கள்? கணிதமும் நன்னெறியும் எடுக்கிற கையோடு, கால அட்டவணையில் இசைக்கல்வியும் வந்து விழுந்திருக்கும். பாட்டுச் சொல்லிக்கொடுப்போம், கைதட்டித் தாளம் போட வைப்போம், ரெக்கார்டரில் நாலு சுரம் ஊத வைப்போம். அதற்கு மேல் கார்ட், இண்டர்வல், கீ சிக்னேச்சர் என்று வந்துவிட்டால், “இதெல்லாம் கீபோர்டு கிளாஸ் போற பிள்ளைக்குத்தான்” என்று பக்கத்தைப் புரட்டிவிடுவோம்.

அப்படிப் புரட்ட வேண்டாம் என்று சொல்லத்தான் மியூசிக்தியரி டாட் நெட் தளத்தை இங்கே எடுத்துக்கொள்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் தானாக உட்கார்ந்து படித்துக்கொள்ள இதைவிட எளிமையான இலவசத் தளம் கிடைப்பது கடினம். ஆனால், இதை அப்படியே மாணவர் கையில் கொடுத்து “பயிற்சி செய்” என்று விட்டால், நம் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கிற இசையறிவை அது கண்டுகொள்ளவே கொள்ளாது. சில வேளை அந்த அறிவைத் தவறு என்றுகூடச் சொல்லிவிடும்.

ரிக்கி ஆடம்ஸ் என்பவர் 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய தளம் இது. அந்தக் காலத்தில் ஃபிளாஷில் செய்யப்பட்ட எத்தனையோ கல்வித் தளங்கள் ஃபிளாஷோடு சேர்ந்து மறைந்தன. இது மட்டும் காலத்தோடு மாறி, இன்றும் எந்த உலாவியிலும் திறக்கிறது. பதிவு செய்ய வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். பாடங்கள், பயிற்சிகள், கருவிகள் என்று மூன்று பகுதிகள். பாடம் ஒவ்வொன்றும் படக்கதை போல நகரும்: ஒரு படம், கீழே ஒன்றிரண்டு வரி, அடுத்ததற்கு ஓர் அழுத்து. ஐந்து கோடு எதற்கு, கோட்டுக்கு வெளியே சுரம் எப்படி உட்காரும் என்பதில் தொடங்கி, கார்ட் எப்படி அமைகிறது, ஏன் ஒரு கார்டுக்குப் பின் இன்னொன்று வருகிறது என்பது வரைக்கும் போகிறது. அவசரமே இல்லாத நடை. இரவு சமையல் முடித்து உட்கார்ந்து நாளுக்கு ஒரு பாடம் பார்த்தால், ஒரு பள்ளி விடுமுறைக்குள் நமக்குத் தேவையான அளவு வந்துவிடும். ஆங்கிலமும் கடினமில்லை.

பயிற்சிப் பகுதிதான் பலரும் தேடி வருவது. திரையில் ஒரு சுரம் தெரியும், பெயர் என்ன? இரண்டு சுரங்கள் தெரியும், இடைவெளி எவ்வளவு? ஒரு கார்ட் ஒலிக்கும், எந்த வகை? கீழே பொத்தான்கள், மூலையில் மதிப்பெண். ஒவ்வொரு பயிற்சியையும் நாம் நமக்கேற்றபடி மாற்றலாம் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. எந்தச் சுரத்திலிருந்து எந்தச் சுரம் வரை கேட்க வேண்டும், எந்தக் கார்டுகள் மட்டும் வர வேண்டும் என்று தேர்வு செய்தால், அந்தத் தேர்வுக்கென்றே ஓர் இணைப்பு கிடைக்கும். அதை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடலாம். மூன்றாம் ஆண்டுப் பிள்ளைக்கு ரெக்கார்டரில் அவன் ஊதும் அதே மூன்று சுரங்கள் மட்டும் கோட்டில் வந்து கேட்கும்படி அமைத்துக் கொடுத்தால், கோடு வாசிப்பது இரண்டு வாரத்தில் பழகிவிடும். இந்த விஷயத்தில் தளத்தைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. கண்ணுக்கான பயிற்சி அத்தனையும் அருமை.

சிக்கல் காதுப் பயிற்சியில்தான். கார்டைக் கேட்டு வகை சொல்லும் பயிற்சியைத் திறந்து பாருங்கள். ஒரு கார்ட் ஒலிக்கும். மேஜரா, மைனரா, டிமினிஷ்டா, ஆக்மெண்டடா என்று நான்கு விடைகள். முதல் முறை கேட்கும் பிள்ளைக்கு நான்குமே ஒன்றுபோல இருக்கும். தளம் அதற்கு என்ன உதவி செய்கிறது? சரி அல்லது தவறு என்று சொல்கிறது. ஏன் தவறு, எதைக் கேட்டிருக்க வேண்டும் என்று காதைப் பிடித்துக் காட்டுவதில்லை. பிள்ளை அடுத்த பொத்தானை அழுத்துகிறது, அப்புறம் அதற்கடுத்தது. நான்கு விடை இருக்கும்போது கேட்காமலே அழுத்தினாலும் நாலுக்கு ஒன்று சரியாகத்தானே வரும்? பத்துக்கு மூன்று வாங்கிய பிள்ளை கொஞ்சம் கற்றிருக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்வோம். உண்மையில் அது எதையும் கேட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இந்த இடத்தில் நம்மிடம் ஒரு வசதி இருக்கிறது. தளத்தை உருவாக்கியவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கோயிலில் திருமுறை வகுப்புக்குப் போகிற பிள்ளை, சுருதிப்பெட்டியை வாரம் தவறாமல் கேட்கிற பிள்ளை. சுருதிப்பெட்டி கொடுப்பது ‘ச’வும் ‘ப’வும். அந்த இரண்டும் அவன் காதில் ஏற்கெனவே ஊறிக் கிடக்கின்றன. மேஜர் கார்ட் என்பது வேறொன்றுமில்லை, அந்த ‘ச–ப’வுக்கு நடுவில் அந்தர காந்தாரத்தை வைப்பது. அந்தக் காந்தாரத்தை அரைப்படி இறக்கிச் சாதாரண காந்தாரமாக்கினால் மைனர். அவ்வளவுதான் வித்தியாசம், ஒரே ஒரு சுரம். மற்ற இரண்டும் ‘ப’வைத் தொந்தரவு செய்கிற வகை. சாதாரண காந்தாரத்தோடு ‘ப’வையும் அரைப்படி இறக்கிப் பிரதி மத்திமத்தின் இடத்துக்குக் கொண்டுவந்தால் டிமினிஷ்ட். அந்தர காந்தாரத்தை அப்படியே வைத்து, ‘ப’வைச் சுத்த தைவதத்தின் இடத்துக்கு ஏற்றினால் ஆக்மெண்டட்.

ஆக, பிள்ளையிடம் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி. “சுருதிப்பெட்டியில வர்ற ‘ப’ இதுல இருக்கா, இல்லியா?” இருந்தால் முதல் இரண்டில் ஒன்று, இல்லாவிட்டால் பின் இரண்டில் ஒன்று. அப்புறம், “காந்தாரம் மேலேயா, கீழேயா?” முடிந்தது. நான்கு பொத்தான்களுக்கு நடுவே தடுமாறுவதைவிட இது எவ்வளவு எளிது! இந்தப் படிகளை வகுப்பில் பாடிக் காட்டிவிட்டுத் தளத்தைத் திறந்தால், அதே பயிற்சி முற்றிலும் வேறொன்றாக ஆகிவிடும்.

பலர் இதற்கு வேறொரு குறுக்குவழி சொல்லிக்கொடுக்கிறார்கள்: மேஜர் என்றால் மகிழ்ச்சி, மைனர் என்றால் சோகம். தயவுசெய்து இதை விட்டுடுங்க. நம் பிள்ளைகள் கல்யாண மண்டபத்தில் குதித்து ஆடுகிற பாட்டில் பாதி மைனர் சுரங்களில்தான் இருக்கிறது. அவர்களிடம் போய் மைனர் என்றால் அழுகை என்றால், ஒன்று நம்மை நம்ப மாட்டார்கள், அல்லது தங்கள் காதை நம்ப மாட்டார்கள். இரண்டாவதுதான் ஆபத்து.

இன்னொரு குறை, கொஞ்சம் நுணுக்கமானது. நம் இசை முறையில் ‘ச’வை ஓரிடத்தில் வைத்துவிட்டால் பாட்டு முடியும்வரை அது அங்கேயேதான். மற்ற சுரங்களை அதிலிருந்து அளந்து கேட்கிறோம். இந்தத் தளமோ ஒவ்வொரு கேள்விக்கும் அடிச்சுரத்தை வேறு வேறு இடத்துக்குத் தூக்கிப் போட்டுவிடுகிறது. முதல் கேள்வியின் ‘ச’ காதில் நிற்கும்போதே அடுத்த கார்ட் எங்கிருந்தோ வந்து விழுகிறது. பழைய ‘ச’வை வைத்துப் புதிய கார்டை அளக்கிற பிள்ளை தவறாகத்தான் சொல்லும். சுருதி சுத்தமாகப் பாடுகிற பிள்ளைதான் இதில் அதிகம் மாட்டிக்கொள்ளும் என்பது வேடிக்கை. பழையதை மறக்காத காது அது.

இதற்கு மருந்து ஒன்றுதான். கார்ட் ஒலித்தவுடன் பொத்தானைத் தொடக்கூடாது. அதன் அடிச்சுரத்தை வாய்விட்டு “ச” என்று பாட வேண்டும். பிறகு “ச… க… ப” என்று ஏறிப் பார்க்க வேண்டும். பாடினால் காந்தாரம் எங்கே இருக்கிறது என்று தொண்டையே சொல்லிவிடும். தளத்தில் இதைச் செய்யச் சொல்லும் ஒரு வரிகூட நான் காணவில்லை. முழுக்க முழுக்கக் கேள், அழுத்து, கேள், அழுத்து. கணினிக்கூடத்தில் இருபது பிள்ளைகளும் ஆளுக்கொரு கார்டை ஒலிக்கவிட்டால் சந்தைக்கடைதான், அங்கே யாரும் எதையும் பாட முடியாது. அதனால், வகுப்பறையில் ஒரே திரை, ஒரே ஒலிபெருக்கி, எல்லாரும் சேர்ந்து பாடிவிட்டுக் கையை உயர்த்திக் காட்டுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மொழி விஷயத்துக்கு வருவோம். தளம் முழுவதும் ஆங்கிலம். நம் பள்ளியில் இசைக்கல்வி நடப்பது தமிழில். அப்போது கார்டைத் தமிழில் என்னவென்று சொல்வது? ‘கார்டு’ என்று எழுதினால் பிள்ளைக்கு அட்டை ஞாபகம் வருகிறது, ‘கோர்ட்’ என்றால் நீதிமன்றம். சிலர் ‘நாண்’ என்று எழுதுகிறார்கள். இதை ஏற்பதற்கில்லை. வட்டத்தில் இரு புள்ளிகளை இணைக்கும் கோட்டுக்கு நாண் என்பது பொருத்தமான சொல். அந்த ஆங்கிலச் சொல்லின் வேரே தந்தி, கயிறு என்னும் பொருளுடைய லத்தீன் சொல்தான். இசையில் வரும் கார்டின் வேர் வேறு. ‘இசைந்திருத்தல்’ என்று பொருள்படும் ‘அக்கார்ட்’ என்ற சொல்லின் தலை தேய்ந்து வந்தது அது. பிற்காலத்தில் தந்தியைக் குறிக்கும் சொல்லோடு எழுத்துக்கூட்டில் குழம்பி ஒன்றுபோல ஆகிவிட்டது. ஆங்கிலத்தின் எழுத்துக் குழப்பத்தை நாம் எதற்கு மொழிபெயர்த்துச் சுமக்க வேண்டும்? இசைவு என்ற பொருள் வரும்படி ‘ஒத்திசை’ என்று சொல்லிப் பார்க்கலாம். சொல் பிடிக்கவில்லையென்றால் கார்ட் என்றே சொல்லுங்கள், தவறில்லை. பொருள் தவறான தமிழைவிடப் பொருள் சரியான கடன்சொல் மேல்.

சுரங்கள் ஒன்றோடொன்று எப்படி உறவாடுகின்றன என்ற சிந்தனை தமிழுக்குப் புதியதும் அல்ல. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழு நரம்புகளுக்கு இடையே இணை, கிளை, பகை, நட்பு என்ற உறவுகளைச் சிலப்பதிகார உரைகள் பேசுகின்றன. அது கார்ட் ஆகிவிடாது. அப்படி இழுத்துப் பொருத்தி, “எல்லாம் நம்மிடம் அன்றே இருந்தது” என்று மார்தட்ட வேண்டியதில்லை. ஆனால், இரண்டு சுரங்களுக்கு இடையில் நட்பும் பகையும் உண்டு என்று ஒரு நாலாம் ஆண்டு மாணவனிடம் சொல்லிவிட்டு இண்டர்வல் பயிற்சியைத் திறந்து பாருங்களேன். அவன் முகத்தில் ஒரு கதை கேட்கிற ஆவல் வரும்.

ஸ்கேல் பற்றிய பாடங்களை நம் இராகங்களோடு சேர்த்துப் படித்தால் இன்னும் வேகமாக ஏறும். மேஜர் ஸ்கேலின் சுரங்கள் சங்கராபரணத்தின் சுரங்கள். இயல்பு மைனர் நடபைரவி, ஹார்மானிக் மைனர் கீரவாணி. மெலடிக் மைனர்தான் பலரையும் குழப்பும், ஏறும்போது ஒன்று, இறங்கும்போது வேறொன்று. ஏறுவது கௌரிமனோகரி, இறங்குவது நடபைரவி என்று சொன்னால் கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரிந்த ஆசிரியருக்கு ஒரு நொடியில் விளங்கிவிடும். சுரங்கள் ஒன்று என்பதால் இராகமும் ஸ்கேலும் ஒன்று என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, அவ்வளவே. தோடியின் காந்தாரத்தை நினைத்துப் பாருங்கள். பெயருக்குச் சாதாரண காந்தாரம், ஆனால் பாடும்போது அது ஓரிடத்தில் நிற்பதே இல்லை, ஊஞ்சலாடுகிறது. அதன் கீழே ஒரு மைனர் கார்டை வைத்தால் ஊஞ்சலைக் கயிறு போட்டுக் கட்டியது மாதிரிதான். தளத்தின் ஒலி பியானோவின் ஒலி, அசையாத சுரங்கள். கமகம் அதில் இல்லை, இருக்கவும் வழியில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, எல்லை என்கிறேன். மாணவருக்கும் அப்படியே சொல்லிவைப்பது நல்லது.

எல்லையைத் தாண்டி இரண்டையும் சேர்த்துக் காட்டியவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். 1976-இல் ‘அன்னக்கிளி’யோடு திரைக்கு வந்த இளையராஜாவின் பாடல்களில் மேலே இராகம் போகும், கீழே கார்டுகள் நகரும். இரண்டும் ஒன்றையொன்று மிதித்துக்கொள்ளாது. பிள்ளைகள் வீட்டில், காரில், கடையில் அதைக் கேட்டுத்தான் வளர்கிறார்கள். கார்டின் பெயர்தான் அவர்களுக்குப் புதிது, கார்ட் புதிதல்ல. இந்தத் தளத்தின் காதுப் பயிற்சியில் பாட்டே இல்லை என்பதால், அந்தக் கேள்வியறிவைப் பயன்படுத்த வழியில்லாமல் போய்விடுகிறது. தனித்தனியாக வந்து விழுகிற கார்டுகள், அகராதியில் வரிசையாக இருக்கும் சொற்கள் மாதிரி. சொல்லை மட்டும் படித்து யார் பேசப் பழகினார்கள்?

பாடப் பகுதியில் மட்டும் இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. கனடாவின் தேசிய கீதத்தை எடுத்து, எந்த இடத்தில் எந்தக் கார்ட், ஏன் என்று படிப்படியாகப் பிரித்துக் காட்டும் பாடம் ஒன்று இருக்கிறது. தளத்திலேயே சிறந்த பாடம் அதுதான் என்பேன். ஆனால், நம் பிள்ளைக்கு அந்தப் பாட்டுத் தெரியாது. அதே வேலையை நமக்குத் தெரிந்த பாட்டில் செய்ய வேண்டியது நம் பொறுப்பு. நெகாராகூவை எடுக்கலாம் என்று உடனே தோன்றும். ஆனால், ஒவ்வொரு முறை ஒலிக்கும்போதும் வகுப்பு முழுக்க விறைத்து நிற்க வேண்டும், நிறுத்தி நிறுத்திப் பாடிப் பார்ப்பதும் முறையாகாது. ‘ராசா சாயாங்’கை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் தெரியும், இரண்டே கார்டில் பாடிவிடலாம்: ‘ச க ப’ ஒன்று, ‘ப நி ரி’ இன்னொன்று.

ரெக்கார்டரில் ஒரே நேரத்தில் ஒரு சுரம்தான் வரும், கார்ட் எப்படி என்கிறீர்களா? வகுப்பை மூன்றாகப் பிரியுங்கள். சி மேஜருக்கு முதல் குழு ‘ஈ’, இரண்டாம் குழு ‘ஜி’, மூன்றாம் குழு மேல் ‘சி’. அடுத்த கார்டான ஜி மேஜருக்கு முதல் குழு ‘ஈ’யிலிருந்து கீழ் ‘டி’க்கு இறங்கும், மூன்றாம் குழு ‘சி’யிலிருந்து ‘பி’க்கு இறங்கும். இரண்டாம் குழு அசையவே வேண்டாம், அதே ‘ஜி’தான். இன்னும் விரல் பழகாத பிள்ளைகளை அந்தக் குழுவில் போட்டுவிடுங்கள். கீழ் ‘டி’ மட்டும் கொஞ்சம் கீச்சிடும், மெதுவாக ஊதச் சொன்னால் சரியாகிவிடும். ஊதாத நாலைந்து பேர் பாட்டைப் பாடட்டும். கார்ட் எங்கே மாற வேண்டும் என்று நாம் சொல்லக் கூடாது, பாடுகிற பிள்ளை கையைத் தூக்கட்டும். தவறான இடத்தில் தூக்கினால் எல்லாருக்குமே காதில் உறுத்தும். தளம் மூலையில் காட்டுகிற மதிப்பெண்ணைவிட அந்த உறுத்தல் நல்ல ஆசிரியர். இதை ஒருமுறை செய்த பிறகு, தளத்தில் கார்டின் சுரங்களை மேலும் கீழும் மாற்றி அடுக்குவது பற்றிய பாடத்தைத் திறந்தால், “நாம செஞ்சதுதானே இது” என்பார்கள்.

சின்ன வகுப்புகளுக்கு இந்தத் தளமே வேண்டாம். கூகிள் 2016-இல் வெளியிட்ட குரோம் மியூசிக் லேப் போதும். அங்கே கார்டுக்கென்று ஒரு விளையாட்டு இருக்கிறது. திரையில் பியானோக் கட்டையைத் தொட்டால் அந்தச் சுரத்தின் மேஜரோ மைனரோ ஒலிக்கும். கேள்வியும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. ‘சாங் மேக்கர்’ என்ற பகுதியில் கட்டங்களைத் தொட்டுப் பாட்டே கட்டலாம். அதன் அமைப்பில் பெண்டடானிக் என்பதைத் தேர்ந்தெடுத்தால் கிடைப்பது மோகனத்தின் ஐந்து சுரங்கள். எதைத் தொட்டாலும் இனிமையாகத்தான் இருக்கும், ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைக்கு அதுதானே வேண்டும். ஆனால், கோடு வாசிக்கவோ பெயர் சொல்லவோ அது பழக்காது. அதற்கு மறுபடி மியூசிக்தியரிக்குத்தான் வர வேண்டும்.

அடுத்த இசைக்கல்விப் பாடத்துக்கே முயன்று பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. கார்ட் காதுப் பயிற்சியின் அமைப்பைத் திறந்து, டிமினிஷ்டையும் ஆக்மெண்டடையும் நீக்கிவிட்டு, மேஜரும் மைனரும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டே விடை என்பதால் பத்துக்கு ஐந்தாறு வாங்கினால் அது வெறும் குருட்டாம்போக்கு, எட்டுக்கு மேல் வரும்வரை அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டாம். கிடைத்த இணைப்பைச் சேமித்து வையுங்கள். பாடம் தொடங்கும்போது இரண்டு நிமிடம் சுருதிப்பெட்டியை ஒலிக்கவிட்டு, ‘ச க ப’வை இரண்டு காந்தாரத்திலும் மாறி மாறிப் பாட வைத்துவிட்டு, அப்புறம் பெட்டியை நிறுத்திவிட்டுத் திரையைத் திறங்கள்.